பாலாற்றங்கரையில் ஒரு பாடம்

மன்ற மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் கேட்டார். "நான் வேதியியல் மாணவன், எனக்கு என்ன எழுதத் தெரியும்?" என்று நழுவப் பார்த்தேன். "விடுமுறையில் ஊருக்குப் போய்க் கடைக்காரர்களுக்கு இணைய வணிகம் சொல்லிக் கொடுத்தாயாமே, அதை எழுது" என்றார். அதில் பெருமைப்பட அதிகம் இல்லை. ஆயினும் நான் செய்த பிழையை மற்றொருவர் செய்யாதிருக்க உதவும் என்று எண்ணி எழுதுகிறேன்.

பாலாறு என்றதும் நண்பர்களில் பலருக்கு வேலூர்ப் பாலாறே நினைவுக்கு வரும். நந்தி மலைப் பக்கம் பிறந்து, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாகச் செல்லும் அந்தப் பாலாறு வேறு. எங்கள் பாலாறு மாதேசுவரன் மலைக் காடுகளின் ஓரமாக இறங்கி, மேட்டூர் நீர்த்தேக்கத்தில் காவிரியோடு கலக்கும் சிற்றாறு. ஒரு கரை கர்நாடகம். மறு கரை தமிழ்நாடு. ஆற்றின் பெயரே ஊருக்கும் பெயர். மைசூரிலிருந்து கொள்ளேகால், மாதேசுவரன் மலை வழியாக 150 கிலோமீட்டருக்கு மேல் பயணம். கொள்ளேகால் வட்டம் 1956 நவம்பர் 1 வரை கோயமுத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. பிறகு மைசூர் மாவட்டத்துக்கு வந்தது. 1997 முதல் சாமராசநகர் மாவட்டத்தில் இருக்கிறது.

என் தந்தையார் கொளத்தூரிலிருந்து பிழைப்புத் தேடிப் பாலாற்றுக்குக் குடிபெயர்ந்தவர். குடிபெயர்ந்தவர் என்றால் கடல் கடந்தவர் அல்லர். ஒரு பாலத்தைக் கடந்தவர். ஆனாலும் கொளத்தூர் உறவினர்களுக்கு நான் 'மைசூர்க்காரன்'. மைசூர் விடுதியில் நான் 'தமிழ்ப் பையன்'. இரண்டு பெயர்களையும் மறுக்காமல் வாழப் பழகிவிட்டேன்.

ஊரின் பிழைப்பு இரண்டை நம்பியது. ஒன்று அணை மீன். மற்றொன்று மாதேசுவரன் மலைக்குப் போகும் கூட்டம். 1934 இல் மேட்டூர் அணை திறக்கப்பட்ட பிறகு தேங்கிய நீரே எங்களுக்கு வயல். பரிசலில் சென்று வலை வீசுவோர் விடியற்காலையில் கட்லா, ரோகு, ஜிலேபி, கெளுத்தி என்று கொண்டு வருவார்கள். சாலையோரக் கொட்டகைகளில் மசாலா தடவி, வந்தவர் கண்முன்னே பொரித்துக் கொடுப்பார்கள். மலைக்குப் போகும்போது பக்தர்கள் எங்களைத் திரும்பியும் பார்க்கமாட்டார்கள். வேண்டுதல் முடிந்து இறங்கும்போதுதான் அவர்கள் எங்கள் விருந்தாளிகள்.

வெளியுலகம் எங்கள் ஊரின் பெயரை அறிந்தது ஒரு துயரத்தால். 1993 ஏப்ரல் 9 அன்று வீரப்பன் கூட்டத்தார் வைத்த கண்ணிவெடியில் 22 பேர் மாண்டார்கள். பிறகு பல ஆண்டுகள், பொழுது சாய்ந்தால் ஒரு வண்டியும் நில்லாது என்று அத்தை சொல்வார். 2004 இல் அந்தக் கதை முடிந்தது. அதன் பின்னரே கொட்டகைகள் பெருகின.

அத்தை என்றேனே, அவர் என் தந்தையுடன் பிறந்தவர் அல்லர்; முறைக்கு அத்தை. கணவரை இழந்தபின் தனியொருத்தியாக மீன்கடை நடத்துகிறார். மகனுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. பேத்தி ஒருத்தி, ஒன்பதாம் வகுப்பு படிப்பவள், அவரோடு இருக்கிறாள். நான் மைசூருக்குப் படிக்க வந்த முதல் நாள், முந்தானையில் முடிந்திருந்த 200 ரூபாயை அவிழ்த்து என் கையில் வைத்தவர் இந்த அத்தை.

2025 மே மாத விடுமுறையில் அவர் கடையில் உட்கார்ந்திருந்தேன். சேலத்துப் பக்கத்துக் கார் ஒன்று வந்து நின்றது. உள்ளே ஏழு பேர். இறங்குமுன் ஒருவர் தலையை நீட்டி, "பாட்டி, ஜிபே இருக்கா?" என்றார். "இல்லீங்க சாமி, காசுதானுங்க" என்றார் அத்தை. கார் அடுத்த கொட்டகைக்குப் போய் நின்றது. அத்தை ஒன்றும் பேசாமல் அடுப்புத் தீயைக் குறைத்தார். அன்று மாலையே, இந்தக் கடையை இணையத்துக்குள் கொண்டுவருவேன் என்று எனக்குள் சபதம் செய்துகொண்டேன்.

யூபிஐ என்னும் பணப் பரிமாற்ற முறை 2016 ஏப்ரல் 11 அன்று நம் நாட்டில் தொடங்கப்பட்டது. 2025 ஆகஸ்டு மாதத்தில் மட்டும் 2,000 கோடித் தடவைக்கு மேல் அவ்வழியே பணம் கைமாறியது. அந்தப் பெருவெள்ளத்தில் ஒரு குவளையாவது அத்தையின் கடைக்கு வரக்கூடாதா?

வேலை நான் நினைத்ததுபோல் எளிதாக இல்லை. வங்கிக் கணக்கு கொளத்தூரில் இருந்தது. அதில் பதிவான கைப்பேசி எண் மகனுடையது. ஆதாரில் ஒரு பெயர், வங்கிப் புத்தகத்தில் தலையெழுத்தோடு வேறு பெயர். இரண்டையும் ஒன்றாக்க மூன்று முறை பேருந்தேறினோம். மூன்று நாளும் கடை மூடிக் கிடந்தது. அப்போதும் எனக்கு அது ஒரு செலவாகத் தோன்றவில்லை.

முடிவில் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் நிறைந்த கியூஆர் அட்டை வந்து சேர்ந்தது. அத்தைக்கு ஓர் ஐயம்: "எண்ணெய் தெறிக்கிற இடமாச்சே கண்ணு, அழுக்கானா வேலை செய்யுமா?" இதற்குத்தானே காத்திருந்தேன்! 1994 இல் சப்பான் நாட்டில் டென்சோ நிறுவனத்தார் மோட்டார் உறுப்புகளை அடையாளம் காண இதைக் கண்டுபிடித்ததைச் சொன்னேன். 1960 இல் ரீடு, சாலமன் என்ற இரு கணித அறிஞர்கள் வகுத்த பிழை திருத்தும் முறை இதற்குள் இருப்பதையும், அதில் மிகத் திடமான வகையில் ஏறக்குறைய 30 விழுக்காடு சிதைந்தாலும் செய்தி கெடாமல் மீள்வதையும் அரை மணி நேரம் விளக்கினேன். அத்தை பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, தொடைச்சு வெச்சுக்கிறேன்" என்றார்.

பணம் வந்ததும் உரக்க அறிவிக்கும் சிறு பெட்டி ஒன்றும் மாத வாடகைக்கு வந்தது. முதலில் அது இந்தியில் பேசிற்று. மொழியை மாற்றலாம் என்றேன். கடை இருப்பது கர்நாடகத்தில், வருவோர் இருநாட்டவர். கன்னடமா, தமிழா என்று நான் பெரிய சிக்கலில் ஆழ்ந்திருந்தபோது அத்தை ஒரே வரியில் தீர்ப்புச் சொன்னார்: "காசு எனக்குத்தானே வருது? எனக்குப் புரியற பேச்சுல சொல்லட்டும்."

முதல் பணம் 120 ரூபாய். பெட்டி அதைத் தமிழில் கூவியபோது பக்கத்துக் கொட்டகைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். வரைபடத்தில் கடையின் பெயரை ஏற்றினேன். வாட்ஸப்பில் மீன் படங்களும் விலைப்பட்டியலும் போட்டேன். இரண்டு வாரத்தில் ஊரில் நான் ஒரு பெரிய மனிதன். வேறு நான்கு கடைக்காரர்களும், "தம்பி, நமக்கும் ஒண்ணு பண்ணிக் குடுங்க" என்று வந்தார்கள். செய்துகொடுத்தேன்.

ஆசை அடுத்த படிக்குத் தாவியது. அத்தை போடும் கருவாட்டைப் பொட்டலம் கட்டி வெளியூருக்கு அனுப்பினால் என்ன? இங்கேதான் எங்கள் பாலத்தின் பெருமை தெரிந்தது. கொளத்தூர்க்காரர் ஒருவர் பாலம் கடந்து நடந்து வந்து, கடையில் காசு கொடுத்துக் கருவாடு வாங்கிப் போனால் அது உள்ளூர் விற்பனை. அதையே பெயர்ச்சீட்டு ஒட்டிய பொட்டலமாக்கி, இங்கிருந்து அவர் வீட்டுக்கு அனுப்பினால் அது மாநிலங்களுக்கிடையே நடக்கும் வாணிகம். வரிக்குரிய சரக்கை மாநில எல்லை தாண்டி அனுப்புகிறவர், விற்பனை எவ்வளவு சிறிதாயினும் ஜிஎஸ்டி பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது சட்டம். கைவினைப் பொருள்கள் போன்ற சிலவற்றுக்கே அதில் சலுகை உண்டு. மைசூருக்கு அனுப்பத் தடையில்லை; கண்ணுக்குத் தெரியும் எதிர்க்கரைக்கு அனுப்பத்தான் தடை. கருவாட்டுத் திட்டத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு, விடுமுறை முடிந்து பல்கலைக்கழகம் திரும்பினேன்.

ஜூன் மாதத்தில் ஒரு மாலை. ஆய்வுக்கூடத்தில் இருந்தேன். அத்தையின் குரல் கைப்பேசியில் நடுங்கிற்று.

"கண்ணு, மிலிட்டரிக்காரருன்னு ஒருத்தர் பேசினாரு. மேட்டூர்ப் பக்கம் முகாம் போட்டிருக்கோம், நாப்பது பேருக்கு மீனு வேணும்னாரு. பணத்தை முன்னாடியே அனுப்பறேன், பின் நம்பரைப் போட்டா வந்திரும்னாரு. போட்டேன். 4,800 ரூபாய் போயிருச்சு சாமி."

எப்போது என்று கேட்டேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டதாம். "நீ படிக்கிற நேரத்துல தொந்தரவு பண்ண வேண்டாம்னு இருந்தேன்" என்றார். இணையக் குற்றங்களைத் தெரிவிக்கும் 1930 என்ற எண்ணுக்குப் பேசச் சொன்னேன், புகாரும் பதிவாயிற்று. விரைந்து தெரிவித்தால் பணம் மேலும் கைமாறுமுன் நிறுத்திவைக்க வழியுண்டு. நாங்கள் விரையவில்லை. பணம் இன்றுவரை திரும்பவில்லை.

நடந்தது இதுதான். பணம் கேட்கும் கோரிக்கையை அனுப்பிவிட்டு, அதைப் பணம் கொடுக்கும் செய்தி என்று அவன் நம்பவைத்திருக்கிறான். பணம் கொடுக்கத்தான் பின் நம்பர் வேண்டும், வாங்குவதற்கு வேண்டியதில்லை. இந்த ஒரு வாக்கியத்தை நான் அத்தைக்குச் சொல்லவில்லை. ரீடையும் சாலமனையும் பற்றி அரை மணி நேரம் பேசியவன், இதைச் சொல்ல அரை நிமிடம் ஒதுக்கவில்லை. தனிநபர்கள் இவ்வாறு கோரிக்கை அனுப்பும் வசதி அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டது. எங்களுக்கு அது நான்கு மாதம் பிந்திய செய்தி.

அத்தை என்னைத் திட்டியிருந்தால் மனம் ஆறியிருக்கும். "நீ என்ன பண்ணுவே சாமி, என் நேரம்" என்று சொல்லிவிட்டார். அன்று முதல் கியூஆர் அட்டையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டாராம். நான் அமைத்துக் கொடுத்த மற்ற நான்கு கடைகளிலும் இருவர் அவ்வாறே செய்தார்கள்.

ஜூலையில் இன்னொரு செய்தி வந்தது. யூபிஐ வரவுக் கணக்கைக் கொண்டு பெங்களூரின் சிறு வணிகர்கள் பலருக்குக் கர்நாடக வணிக வரித்துறை அறிவிப்பு அனுப்பியது. கடைகள் பலவற்றில் 'யூபிஐ இல்லை. காசு மட்டும்' என்ற பலகைகள் தொங்கின. ஜூலை 23 அன்று முதலமைச்சர் வணிகர்களோடு பேசி, பழைய பாக்கி வசூலிக்கப்படாது என்று அறிவித்தார். ஆனால் எங்கள் ஊருக்கு அறிவிப்பின் அச்சம் வந்து சேர்ந்த வேகத்தில் ஆறுதல் வந்து சேரவில்லை. மறுநாள் ஆடி அமாவாசை. பேருந்தேறி ஊருக்குப் போனேன்.

இம்முறை கைப்பேசியைத் தொடவில்லை. விடியற்காலை முதல் இரவு வரை இரண்டு நாள் அத்தையின் கடையில் உட்கார்ந்திருந்தேன். மீன் கழுவினேன், தட்டு எடுத்தேன். ஆடி அமாவாசைக் கூட்டத்தில், கையில் காசில்லை என்று பதினொரு வண்டிகள் திரும்பிப் போனதை எண்ணினேன். இரவு பரிசல்காரர் வந்தார். விடியலில் கடனுக்குக் கொடுத்த மீனுக்கு அத்தை ரொக்கமாகப் பணம் எண்ணிக் கொடுத்தார். அப்போதுதான் என் தலையில் ஒன்று உறைத்தது.

"அத்தை, மே மாசம் பணமெல்லாம் வங்கிக்குத்தானே போச்சு? ராத்திரி இவருக்கு எப்படிக் கொடுத்தீங்க?"

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "தண்டல்காரர்கிட்ட வாங்கிக் குடுத்தேன். வங்கிக்குப் போனா ஒரு நாள் கடை போயிருதில்ல?"

அவருடைய பணம் கொளத்தூர் வங்கியில் கிடக்க, அவர் வட்டிக்குக் கடன் வாங்கியிருக்கிறார்! பெட்டி தமிழில் கூவியதைக் கேட்டு நான் மகிழ்ந்த ஒவ்வொரு நாளும் அவர் வட்டி கட்டியிருக்கிறார். "ஏன் அத்தை சொல்லல?" என்றேன். "நீ ஆசையாப் பண்ணினே, எப்படிக் கண்ணு சொல்றது?" என்றார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. இழந்த 4,800 ரூபாய்க்குத் திருடன் ஒருவன் பொறுப்பாளி. இந்த வட்டிக்கு நானே பொறுப்பாளி. காலையில் என்ன வாங்குகிறார், எவரிடம் வாங்குகிறார், எப்போது பணம் கொடுக்கிறார் என்று ஒரு கேள்விகூடக் கேளாமல் அவருடைய வணிகத்தைச் சீர்திருத்தப் புறப்பட்டிருந்தேன்.

மறுநாள் பேத்தியை உடன் வைத்துக்கொண்டு நாற்பது பக்க நோட்டில் கணக்கு எழுதினோம். உணவு பரிமாறுவது சேவைத் தொழில் என்பதால், ஆண்டு விற்றுமுதல் 20 இலட்சத்தைத் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு வேண்டும். பொருள் மட்டும் விற்போருக்கு அந்த வரம்பு 40 இலட்சம். 20 இலட்சம் என்றால் ஆண்டு முழுவதும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 5,480 ரூபாய் விற்க வேண்டும். அத்தைக்குச் சாதாரண நாளில் 1,500 முதல் 2,000 வரை. அமாவாசை, திருவிழா நாள்களில் 8,000. கூட்டிப் பார்த்தால் ஆண்டுக்கு 8 இலட்சத்துக்கும் குறைவு. "அப்ப எனக்கு நோட்டீசு வராதா?" என்று கேட்டு, அத்தை பல நாளுக்குப் பிறகு சிரித்தார். ஆனால் ஒரு கோளாறு கண்ணில் பட்டது. மகன் மாதந்தோறும் அனுப்பும் பணமும் கடை வரவும் ஒரே கணக்கில் கலந்திருந்தன. நாளை எவரேனும் கேட்டால் எது விற்பனை, எது மகன் பணம் என்று பிரித்துக் காட்ட முடியாது.

ஆகவே ஆகஸ்டில் கடைக்கென்று தனியாக ஒரு கணக்குத் தொடங்கினோம். அட்டை அந்தக் கணக்கோடு மட்டும் சேர்ந்தது. சேமிப்பும் மகன் பணமும் உள்ள பழைய கணக்கைக் கைப்பேசியிலிருந்து எடுத்துவிட்டோம். கடைக் கணக்கில் இரண்டு நாள் வரவுக்கு மேல் தங்கவிடுவதில்லை. திருடன் வந்தாலும் அதற்கு மேல் கிடைக்காது. பரிசல்காரரிடம் பேசினேன். "பாதி காசு, பாதி போனு" என்று அவர் ஒத்துக்கொண்டார். தண்டல்காரரின் வரவு நின்றது.

பேத்தி தன் அழகான கையெழுத்தில் நான்கு வரி எழுதி, கல்லாப்பெட்டிக்கு மேலே ஒட்டினாள். பணம் வாங்க பின் நம்பர் வேண்டாம். பெட்டி சொன்னால்தான் பணம் வந்தது. வாடிக்கையாளர் காட்டும் படத்தை நம்பாதே. முன்பணம் தருவதாகப் பேசுகிறவரை நேரில் வரச் சொல். தவறிப் போனால் அந்த நிமிடமே 1930, அண்ணனுக்கு அப்புறம். நான்காவது வரி அவளே சேர்த்தது. ஆசிரியர் மைசூரில் இருந்தால் போதாது, ஊரிலேயே ஒருவர் வேண்டும் என்பதை அந்தச் சிறுமி எனக்குக் கற்பித்தாள். மற்ற நான்கு கடைகளிலும் அவளே போய் அந்த வரிகளை எழுதி ஒட்டினாள்.

ஆனால் அட்டையைத் திருப்பி வைக்கும்படி நான் அத்தையிடம் கேட்கவில்லை. அக்டோபரில் தீபாவளிக்கு மலையில் பெருங்கூட்டம். நான் ஊருக்குப் போனபோது அட்டை வெளிப்பக்கம் பார்த்தபடி, எண்ணெய்ப் பொட்டுகளோடு நின்றது. அன்று பிற்பகல் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. அத்தை சிறிது நேரம் கேட்டார். பிறகு, "வாங்கறதுக்கு எதுக்குங்க நம்பரு?" என்று சொல்லி வைத்துவிட்டு, மீனைத் திருப்பிப் போட்டார்.

நண்பர்களே, நம்மில் பலர் சிறு கடைக்காரர்களின் பிள்ளைகள். மைசூரிலும் இட்லிக் கடை, பூக்கடை, தையற்கடை வைத்துப் பிழைக்கும் நம் மக்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு இணைய வணிகத்தில் கை கொடுக்க நம்மைவிடப் பொருத்தமானவர் யார்? அவசியம் செய்யுங்கள். ஆனால் நாம் செய்யும் தவறுக்கு நாம் பணம் கட்டுவதில்லை, அவர்கள் கட்டுகிறார்கள். அதை மறவாதீர்கள். வருகிற விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் முதல் இரண்டு நாள் கைப்பேசியைப் பையிலேயே வைத்துவிட்டு, கடையில் உட்கார்ந்து தட்டு எடுங்கள். இரவு கல்லாவை எண்ணும்போது கூட இருங்கள். எந்தக் காசு எங்கே போகிறது என்று தெரிந்த பிறகு அட்டையை மாட்டலாம்.